கூரையும் கட்டணமும்

இலண்டன் நகரில் வாழும் என் தமக்கையின் மகன் ஒரு தை மாத இரவில் தொலைபேசியில் பேசினான். பேச்செல்லாம் குளிரைப் பற்றியே. வாடகைக்கு இருப்பது பழைய வீடு. கதவின் கீழாலும் யன்னற் சட்டத்தின் இடுக்குகளாலும் காற்று நுழைகிறது. வெப்பமூட்டியை எந்நேரமும் இயங்க விட்டாலும் அறை சூடேறுவதில்லை. மாத முடிவில் எரிவாயுக் கட்டணம் மட்டும் தவறாமல் வந்து சேருகிறது. "மாமா, நாங்கள் வீட்டைச் சூடாக்கேல்லை, வீதியைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறம்" என்றான்.

சித்திரை பிறந்தது. எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஒரு தாய் மின்சாரப் பட்டியலைக் கையில் பிடித்தபடி என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். "வாத்தியார், ரெண்டு விசிறியும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும்தான் எங்களிட்டை இருக்கு. இது என்ன கணக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றார். நான் பட்டியலைப் பார்த்தேன். கணக்கில் பிழை இல்லை. பிறகு அவர் வீட்டுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். பிழை அங்கே இருந்தது. தலைக்கு மேலே வெறும் அஸ்பெஸ்டஸ் தகடு. அதற்குக் கீழே தட்டுமில்லை, பாயுமில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த அறையில் நின்றவன் அடுப்புக்குள் நின்றவன்தான்.

இலண்டனிலுள்ள மருமகனுக்கும் ஒழுங்கையிலுள்ள தாய்க்கும் வந்திருப்பது ஒரே நோய். அங்கே வீடு சூட்டைப் பிடித்து வைக்க மறுக்கிறது. இங்கே வீடு சூட்டை வெளியே விட மறுக்கிறது. இரண்டு இடத்திலும் குறை வீட்டின் அமைப்பில். தண்டம் குடியிருப்பவன் தலையில். அங்கே சாதாரணக் குடும்பமொன்றின் ஆண்டு எரிசக்திக் கட்டணத்துக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு 2021 ஒக்டோபரில் 1,277 பவுணாக இருந்தது. ஓராண்டுக்குள் அது 3,549 பவுணாக ஏறியது. மக்கள் கொதித்தெழுந்த பின்னரே அரசாங்கம் தலையிட்டு 2,500 பவுண் அளவில் அதைத் தடுத்து நிறுத்தியது. செல்வம் கொழிக்கும் நாடு என்று நாம் வாய்பிளந்து பேசும் இங்கிலாந்திலேயே, உண்பதா அறையைச் சூடாக்குவதா என்ற கேள்வி உழைப்பாளியின் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஆகவே இது வெப்ப நாட்டுக்கோ குளிர் நாட்டுக்கோ தனியே உரிய பிரச்சினை அன்று. வீட்டைத் தீர்மானிப்பவன் ஒருவன், கட்டணம் கட்டுபவன் வேறொருவன் என்ற ஏற்பாட்டின் பிரச்சினை.

நம் நாட்டில் நடந்தது என்ன? 2022 ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்த்தப்பட்டது. அந்தச் சுமையை இறக்கி வைக்க நேரமின்றி, 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்த்தப்பட்டது. "சராசரி" என்ற சொல்லை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். உயரமானவனையும் குள்ளனையும் ஒரே கட்டிலில் கிடத்தும் சொல் அது. மாதம் 30 அலகு மாத்திரம் செலவழிக்கும் ஏழை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உயர்வுக்கு முன்னர் அலகு ஒன்று இரண்டரை ரூபா, நிலையான கட்டணம் 30 ரூபா. மொத்தம் 105 ரூபா. முதல் உயர்வின் பின் அலகு 8 ரூபா, நிலையான கட்டணம் 120. மொத்தம் 360 ரூபா. இரண்டாவது உயர்வின் பின் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,300 ரூபா. ஆறு மாத இடைவெளியில் பன்னிரண்டு மடங்கு! ஒரு விளக்கும் ஒரு வானொலியும் வைத்திருந்தவனுக்குக் கிடைத்த சராசரி இது. பின்னர் கட்டணம் குறைக்கப்பட்டதும் உண்டு, மறுபடி ஏற்றப்பட்டதும் உண்டு. ஆனால் அந்த ஆண்டின் அடி ஆறிவிடவில்லை. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் நாடெங்கும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மின்னிணைப்புகள் துண்டிக்கப்பட்டதாகப் பாராளுமன்றக் குழுவொன்றின் அறிக்கையே கூறியது. இருளில் தள்ளப்பட்ட அந்த வீடுகளில் குளிரூட்டி பூட்டிய மாளிகை எத்தனை இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பட்டியலை விளங்கிக்கொள்ள வேறொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கட்டண முறையிலே 60 அலகு என்பது ஒரு மதில். மதிலுக்கு இப்பால் நிற்கும்வரை ஒரு விலை. மாதப் பாவனை அறுபதைத் தாண்டிவிட்டால், தாண்டிய அலகுகளுக்கு மட்டுமன்றி முதலாவது அலகிலிருந்தே விலை மாறிவிடும். நிலையான கட்டணமும் ஏறும். இனி விசிறியின் கணக்கைப் பாருங்கள். சாதாரணக் கூரை விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் கொள்ளும். இரவும் பகலும் சுழன்றால் நாளொன்றுக்கு 1.8 அலகு, மாதத்துக்கு 54 அலகு. அதாவது ஒரேயொரு விசிறி அந்த மதிலின் உச்சிவரை ஏறிவிடுகிறது. இரண்டு விசிறி இரவில் பத்து மணிநேரம் சுழன்றாலே 45 அலகு. அதனோடு குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்தால் மதில் தாண்டியாயிற்று. அந்தத் தாய் செய்த ஆடம்பரம் இதுதான்: குழந்தைகளை நித்திரைகொள்ள வைத்தார்!

இந்த இடத்தில் மூன்று வகையினர் எழுந்து நமக்கு உபதேசம் செய்கிறார்கள். மூவருக்கும் பதில் கூற வேண்டியிருக்கிறது.

முதலாவது வகையினர் சிக்கனவாதிகள். "விசிறியை நிறுத்துங்கள், விளக்கை அணையுங்கள், பழக்கத்தை மாற்றுங்கள்" என்பார்கள். குளிரூட்டிய மண்டபத்தில் கூட்டம் போட்டு இதைச் சொல்வார்கள். சிக்கனத்தை யாருக்குக் கற்பிக்கிறார்கள்? யாழ்ப்பாணத்து மக்களுக்கா? 1990இல் மின்சாரம் அற்றுப்போன பின்னர் ஆண்டுக்கணக்கில் இருளில் வாழ்ந்த மக்கள் இவர்கள். மண்ணெண்ணெய்க்குத் தடை, மின்கலத்துக்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை வைத்து, சில துளி எண்ணெயில் திரி எரித்து, அந்த ஒளியில் பிள்ளைகளைப் பரீட்சைக்குப் படிக்க வைத்தவர்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி, வானொலிச் செய்தி கேட்டவர்கள். இவர்களிடம் வந்து சிக்கனம் பேசுவது கடலுக்குப் போகிறவனுக்கு உப்பு விற்பதுபோல் ஆகாதா?

அதுமட்டுமன்று, விஞ்ஞானமும் அவர்கள் பக்கம் இல்லை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் விழும் சூரிய சக்தி ஏறக்குறைய ஆயிரம் வாட். வீட்டுத்திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீட்டின் கூரை ஐம்பது சதுர மீற்றருக்குக் குறையாது. ஆகவே ஐம்பதாயிரம் வாட் வெப்பம் அதன்மேல் கொட்டுகிறது. மெல்லிய தகடு அதை விழுங்கி, தான் கொதித்து, கீழே இருப்பவர் தலையில் கதிர்களாகப் பொழிகிறது. ஐம்பதாயிரம் வாட்டோடு மல்லுக்கு நிற்க நாம் அனுப்பும் வீரன் எழுபத்தைந்து வாட் விசிறி. அந்த விசிறியும் காற்றைக் குளிரச் செய்வதில்லை. தோலின்மேல் காற்றை ஓட்டி வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவே. கூரையடியில் தேங்கிய சூட்டைக் கீழே இறக்கி முகத்தில் வீசுவதும் அதுவே. யாழ்ப்பாணத்திலே சூரியன் ஆண்டுக்கு இருமுறை உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒருமுறை, ஆவணியில் மறுமுறை. சித்திரையில் சோளகக் காற்றும் இன்னும் எழுந்திராது. உலக வரலாற்றில் பதிவான மிக வெப்பமான ஆண்டு 2024 என்று உலக வானிலை நிறுவனம் அறிவித்துவிட்டது. இந்நிலையில் விசிறியை நிறுத்து என்பவன், மூச்சை நிறுத்து என்று சொல்லக் கூச்சப்பட்டே அப்படிச் சொல்கிறான்.

இரண்டாவது வகையினர் பழமைவாதிகள். "அந்தக் காலத்து நாற்சார் வீட்டைப் பாருங்கள்! நடுவே முற்றம், சுற்றிவர விறாந்தை, ஒன்றரை அடிக் கனத்தில் சுண்ணாம்புச் சுவர், மேலே ஓடு, வெயில் தெரிந்ததா? பனையோலைக் குடிலின் குளிர்ச்சிதான் எங்கே வரும்?" என்று பெருமூச்சு விடுவார்கள். நாற்சார் வீடு அறிவோடு கட்டப்பட்ட வீடு என்பதை நான் மறுக்கவில்லை. சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, விறாந்தையின் நிழலில் குளிர்ந்த காற்று உள்ளே வரும். தடித்த சுவர் பகற் சூட்டை உள்ளே விடாமல் மாலைவரை தடுத்து வைக்கும். ஓடுகளின் இடுக்குகளால் வெக்கை வெளியேறும். நம் கொத்தர்களும் தச்சர்களும் கண்ட பொறியியல் அது.

ஆனால் அந்த முற்றத்தில் யார் நின்றார்கள்? கட்டியவன் அதில் குடியிருந்தானா? யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பில் ஒடுக்கப்பட்ட மக்கள் தாம் குடியிருந்த நிலத்துக்கே உரிமையற்றவர்கள். நிலக்காரனின் தயவில் குடிசை போட்டார்கள். தாம் நட்ட மரத்தின் நிழலும் நிலக்காரனுக்குச் சொந்தம். கிணற்றில் அள்ள உரிமையில்லாதவனுக்குக் குளிர்ந்த வீட்டின் கதை எதற்கு? ஓலைக்குடில் குளிர்ச்சியானதுதான், ஆனால் வாடைக்காற்றோடு வரும் மாரி மழையில் ஒழுகுவதும் அதுதான், ஆண்டு தவறாமல் வேயக் காசு கேட்பதும் அதுதான், சாதிவெறியன் வைத்த தீக்கு முதலில் இரையானதும் அதுதான். ஓட்டு வீடும் கல்வீடும் வேண்டுமென்று அம்மக்கள் கேட்டது ஆடம்பரத்துக்காக அன்று, மானத்துக்காக, பாதுகாப்புக்காக. அவர்களைப் பார்த்து மீண்டும் ஓலைக்குப் போ என்று சொல்லும் உரிமை எவனுக்கும் கிடையாது. பழைய வீட்டின் அறிவை எடுத்துக்கொள்வோம். பழைய வீட்டின் வாசற்படிச் சட்டத்தை அல்ல.

நாற்சார் வீட்டின் வாரிசுகள் இன்று என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்த்துவிடுவோம். வெளிநாட்டுப் பணத்தில் எழும் புதிய மாடிகளில் விறாந்தை இல்லை, முற்றம் இல்லை. கொங்கிறீற் தட்டு; மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி; வளவு முழுவதும் சீமெந்துக் கல். நின்ற வேம்பையும் மாவையும் தறித்தாயிற்று, இலைக்குப்பை விழுகிறதாம். கனடாவிலும் இங்கிலாந்திலும் சூட்டை உள்ளே அடைத்து வைப்பதற்கென்று வரைந்த படத்தை யாழ்ப்பாணத்து வெயிலில் கட்டி எழுப்பிவிட்டு, அறைக்கு அறை குளிரூட்டி பூட்டுகிறார்கள். அதன் கட்டணத்தையும் கடலுக்கு அப்பால் இரட்டை வேலை செய்யும் ஒருவனே கட்டுகிறான். இங்கே வீட்டைக் குளிர்விக்க ஒரு கட்டணம். தான் இருக்கும் அறையைச் சூடாக்க இன்னொரு கட்டணம். இரண்டு நாட்டுக் கம்பெனிகளுக்கும் ஒரே முதுகு!

மூன்றாவது வகையினரே மிகவும் ஆபத்தானவர்கள். இவர்கள் வீட்டு வியாபாரிகள். யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து ஊர் திரும்பிய மக்களுக்கு முதலில் கிடைத்தவை தகரமும் தறப்பாளும். அந்தத் தகரக் கொட்டிலில் ஆண்டுக்கணக்கில் வெந்தவர்கள் அநேகர். பின்னர் இந்திய உதவி வீட்டுத்திட்டம் வந்தது. வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. பயனாளி தானே நின்று கட்டும் முறை நல்ல முறைதான். ஆனால் சீமெந்தும் மணலும் விலையேற, அந்தத் தொகை போதாமல், நகையை ஈடுவைத்தும் கடன்பட்டும் கட்டி முடித்த குடும்பங்கள் பல. கடன் வந்த இடத்தில் முதலில் வெட்டப்பட்டது எது? விறாந்தை, கூரைத்தட்டு, யன்னல். அதாவது வெயிலைத் தடுக்கும் உறுப்புகள்.

இதற்கிடையே 2016 அளவில் ஓர் அதிசயத் திட்டம் அரங்கேறியது. வடக்குக் கிழக்கில் 65,000 உருக்கு வீடுகள்! ஆர்செலர் மித்தல் என்னும் உலகப் பெரும் உருக்கு நிறுவனத்தோடு அரசாங்கம் பேசியது. ஏறத்தாழ நூறு கோடி டொலர் பெறுமதியான திட்டம். வீடொன்று 21 இலட்சம் ரூபா. அதே காலத்தில் கல்வீடு கட்ட அரசு கொடுத்த தொகை 8 இலட்சம். உருக்குத் தொழிற்சாலைக்குச் சந்தை வேண்டும். வீடிழந்த தமிழனின் வளவு சந்தையாயிற்று. இந்த வெயிலுக்கு இது ஏற்றதன்று, காற்றோட்டம் போதாது, விறகடுப்புக்கும் புகைபோக்கிக்கும் இடமில்லை, ஊர்க் கொத்தன் ஓர் அறையைக் கூட்டிக் கட்டவும் முடியாது என்று பொறியியலாளரும் கட்டடக் கலைஞரும் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தனர். ஈற்றில் திட்டம் கைவிடப்பட்டது. 2018இல் வேறொரு வெளிநாட்டு நிறுவனம் கொங்கிறீற் பலகை வீடுகளோடு வந்தபோதும், எங்களுக்குக் கல்வீடே வேண்டும் என்று மக்கள் மறுத்தனர். இதை நான் எங்கள் மக்களின் வெற்றியாக எண்ணுகிறேன். அவர்கள் வெப்பவியல் படித்தவர்கள் அல்லர், தகரத்தின்கீழ் படுத்தவர்கள்.

தகரம் என்றதும் இன்னொரு கூரை நினைவுக்கு வருகிறது. மலையகத்து லயக் காம்பராவிலும் இதே தகரம்தான். இங்கே வேகவைக்கும் தகரம் நுவரெலியாவின் தை மாதக் குளிரில் உறையவைக்கிறது. புல்லில் உறைபனி படியும் இரவில் தகர இடுக்கால் வீசும் காற்றுக்குக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடப்பாள் கொழுந்து பறிக்கும் தாய். அந்த மலைகளிலிருந்தே லக்சபான மின்சாரம் பிறந்தது. நாட்டுக்கு ஒளி கொடுத்த மலையில் உழைப்பவளுக்குக் கதகதப்பான அறை இல்லை. 1958இலும் 1977இலும் இனவெறிக்குத் தப்பி அம்மக்களில் ஒரு பகுதியினர் வன்னிக்கு வந்தனர். யுத்தம் முடிந்த பின்னர் அவர்களுக்கும் கிடைத்தது தகரமே. குளிரிலும் தகரம், வெயிலிலும் தகரம். காலநிலை மாறியது, வர்க்கம் மாறவில்லை.

அஸ்பெஸ்டஸ் கதை இதைவிடக் கேவலமானது. அதன் தூசு புற்றுநோயைத் தருவது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிந்த முடிபு. 2018 முதல் அதன் இறக்குமதியைத் தடுப்பதாக இலங்கை அரசு அறிவித்திருந்தது. 2017 மார்கழியில், தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகக் கூறி ருஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை நமக்கு விற்பதும் ருஷ்யாவே. சில நாளில் தேயிலைக்கு வழி திறந்தது. அஸ்பெஸ்டஸ் தடை பின்தள்ளப்பட்டது. ஒரு வண்டின் பெயரால் இலட்சக்கணக்கான ஏழைகளின் கூரை பேரம் பேசப்பட்டதை எந்தப் பாடப்புத்தகத்தில் எழுதப்போகிறோம்?

மின்சாரத்துக்கு நாம் கொடுக்கும் விலை பட்டியலில் மட்டும் இல்லை என்பதற்குச் சுன்னாகம் சாட்சி. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் தருவதற்கென்று அங்கே இயங்கிய அனல் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது. பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு 2019 ஏப்ரலில் அந்நிறுவனத்துக்குத் தீர்ப்பாயிற்று. ஆறில்லாத குடாநாட்டுக்குக் கிணறே உயிர். விசிறி சுழல்வதற்காகக் கிணறு நஞ்சாவதென்றால், அந்த அலகின் உண்மையான விலை எத்தனை ரூபா?

"குறை சொல்வது எளிது, வழி என்ன?" என்று கேட்பீர்கள். வழி இரகசியமன்று. கூரையின் வெளிப்புறத்துக்கு வெள்ளை பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிவிடும். ஆனால் அஸ்பெஸ்டஸை ஒருபோதும் சுரண்டவோ துளையிடவோ உலர்ந்த தும்பால் தேய்க்கவோ கூடாது, தூசு எழும். கூரைக்குக் கீழே ஓலைப்பாயாலாவது ஒரு தட்டு. தட்டுக்கும் கூரைக்கும் இடையே வெக்கை வெளியேற முகட்டருகே வழி. பகல் வெயிலில் யன்னலை மூடி, பொழுதுபட்டபின் எதிரெதிராகத் திறந்து விடுவது. மேற்கே ஒரு வேம்பு, வாசலில் ஒரு பந்தல். 75 வாட் விசிறிக்குப் பதிலாக 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும் புதிய விசிறி. அதன் மாதக் கணக்கு பாதிக்கும் குறைவு.

ஆனால் இந்த அறிவுரையோடு கட்டுரையை முடித்தால் நானும் முதலாவது வகையில் சேர்ந்துவிடுவேன். நாட்கூலிக்குப் போகிறவன் புதிய விசிறிக்கு எங்கே போவான்? வாடகை வீட்டில் இருப்பவள் எந்த உரிமையில் கூரையைத் தொடுவாள்? காணியற்றவன் வேம்பை எங்கே நடுவான்? 2016இல் கூரைச் சூரிய மின்சாரத் திட்டம் ஆரவாரத்தோடு தொடங்கியது. பலகை ஏறியது எவருடைய கூரையில்? முதலும் வங்கிக் கணக்கும் உறுதியான தட்டும் உள்ளவன் சூரியனை விற்றுக் காசாக்கினான்; தகரத்தின்கீழ் இருப்பவன் அதே சூரியனில் வெந்து கட்டணம் கட்டினான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. அரச பணத்திலோ அயல்நாட்டு உதவியிலோ கட்டப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் விறாந்தையும் கூரைத்தட்டும் காற்றோட்டமும் கட்டாயப் பகுதியாக இருக்க வேண்டும். தொகை போதாதென்று முதலில் வெட்டப்படும் அலங்காரமாக அல்ல. ஏற்கெனவே கட்டியவற்றுக்குத் தட்டுப் போடவும் வெள்ளை பூசவும் பிரதேச சபைகள் உதவ வேண்டும். மலையகத்து லயங்களின் குளிருக்கும் இதே நியாயம். அஸ்பெஸ்டஸுக்கு மாற்றாக ஓட்டுத் தொழிலை வளர்க்க வேண்டும். அறுபது அலகு மதிலை, மனிதன் வெயிலில் நித்திரைகொள்ள எத்தனை அலகு வேண்டும் என்ற கணக்கைக்கொண்டு திருத்தி அமைக்க வேண்டும். சூரியப் பலகை முதலில் ஏற வேண்டியது பள்ளிக்கூடத்துக் கூரையிலும், வைத்தியசாலையிலும், கூட்டுறவுச் சங்கங்களின் வழியே ஏழை வீட்டின்மேலும்.

உருக்கு வீட்டை வேண்டாமென்று சொல்லத் தெரிந்த மக்கள் இவற்றை வேண்டுமென்று சொல்லவும் வல்லவர்கள். அந்தத் தாயின் பட்டியலை நான் திருப்பிக் கொடுத்தபோது, "கணக்குச் சரியோ, வாத்தியார்?" என்று கேட்டார். கூட்டல் சரி என்றேன். இந்தக் கணக்கைத் தொடங்கியவர்கள் உங்கள் கூரையைத் தீர்மானித்தவர்கள். அவர்களிடம் நாம் எல்லோரும் சேர்ந்து போய்த்தான் கேட்க வேண்டும் என்றேன். "எப்ப போவம்?" என்றார் அவர்.